ஒரே திரையில் ஆறு பக்கம்: அக்சஸ் ஃபார்மில் டேப் போடுவது எப்படி

சித்தப்பாவின் தையல் கடைக்கு நான் முதலில் செய்து கொடுத்த அக்சஸ் ஃபார்ம் ரொம்ப நீளம். (அக்சஸ் என்பது விவரங்களைச் சேமித்து வைக்கும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள், ஃபார்ம் என்பது அந்த விவரங்களை அடிக்கும் திரை.) கீழே இருக்கும் கை லூஸ் அளவை அடிக்கப் போனால் மேலே இருக்கும் வாடிக்கையாளர் பெயர் மறைந்துவிடும். பெயரைப் பார்க்க மேலே உருட்டினால் கை லூஸ் காணாமல் போகும். மூன்றாம் நாள் சித்தப்பா திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன்டா, இது யாரு கை?"

அன்றைக்குத்தான் டேப் கண்ட்ரோலைக் கற்றுக்கொண்டேன். அக்சஸ் 97-இலிருந்தே இது மென்பொருளுடன் சேர்ந்தே வருகிறது, தனியாக எதையும் நிறுவ வேண்டாம். ஒரே இடத்தில் பல பக்கங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அவற்றின் தலைப்புகளை மட்டும் மேலே வரிசையாக நீட்டி வைப்பதுதான் இதன் வேலை. எந்தத் தலைப்பைத் தொட்டாலும் அந்தப் பக்கம் முன்னால் வரும்.

ஒரு எச்சரிக்கை. தையல் கடையில் டேப் என்றால் கழுத்தில் தொங்குவது. கீபோர்டில் இன்னொரு டேப் இருக்கிறது. குழப்பம் வராமலிருக்க, கீபோர்டில் இருப்பதை 'டேப் விசை' என்றும், அடுக்கில் இருப்பவற்றைப் 'பக்கம்' என்றும் எழுதுகிறேன். கழுத்தில் தொங்குவது சித்தப்பாவிடமே இருக்கட்டும்.

கணினியைத் திறக்கும் முன்

எதை எந்தப் பக்கத்தில் வைப்பது என்று தாளில் எழுதிப் பாருங்கள். டேப் கண்ட்ரோலைப் போடுவது ஐந்து நிமிட வேலை. பிரிப்பதில் தப்பு நடந்தால் தினமும் அவஸ்தை.

என் முதல் பிரிப்பு பார்க்க அழகாக இருந்தது. கழுத்து அளவுகள் ஒரு பக்கம், கை அளவுகள் ஒரு பக்கம், இடுப்புக்குக் கீழே இன்னொரு பக்கம். கடையில் நடப்பது வேறு. மாஸ்டர் அளவெடுத்துக்கொண்டே ஒரே மூச்சில் சொல்வார்: "ரவிக்கை. உயரம் பதினாலே கால், தோள் பதினாலு, மார்பு முப்பத்தாறு, இடுப்பு முப்பது, கை நீளம் ஒம்பது, கை லூஸ் பதினொன்னரை, முன் கழுத்து ஏழு, பின் கழுத்து ஒம்பது." இந்த எட்டு எண்ணையும் அடிக்க மூன்று பக்கம் தாவ வேண்டியிருந்தது. உடம்பை வைத்துப் பிரித்ததுதான் தப்பு, துணியை வைத்துப் பிரித்திருக்க வேண்டும். இப்போது ரவிக்கை, சுடிதார், சட்டை, பேண்ட், ஆர்டர், பணம் என்று ஆறு பக்கம். ஒரே மூச்சில் சொல்வதெல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கும்.

அதைவிட முக்கியம், எதைப் பக்கங்களுக்கு வெளியே வைப்பது என்பது. வாடிக்கையாளர் எண், பெயர், போன் எண் மூன்றும் பக்கங்களுக்கு மேலே, எப்போதும் கண்ணில் படும்படி இருக்கட்டும். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் 'இது யாருடையது' என்ற கேள்விக்குப் பதில் திரையிலேயே இருக்க வேண்டும். முகவரியை நான் உள்ளே தள்ளிவிட்டேன், கவுண்டரில் நிற்பவரிடம் யாரும் முகவரியைப் பார்த்துப் பேசுவதில்லை.

இன்னொன்று. பக்கங்கள் வெறும் பார்வைக்குத்தான், டேபிளுக்கும் (விவரங்கள் சேமிக்கப்படும் அட்டவணை) அவற்றுக்கும் சம்பந்தம் இல்லை. ஆறு பக்கம் என்பதற்காக ஆறு டேபிள் செய்ய வேண்டாம். ஒரு டேபிளில் 255 ஃபீல்டு (ஒவ்வொரு விவரத்துக்குமான பத்தி) வரை இடம் உண்டு, ஒருவருடைய அளவுகளெல்லாம் அதில் தாராளமாக அடங்கும். ஆனால் ஒருவர் பல முறை ஆர்டர் கொடுப்பார், பல தவணையில் பணம் தருவார். அந்த இரண்டும் தனி டேபிளாகத்தான் இருக்க வேண்டும், அவற்றுக்கான வழி பின்னால் வருகிறது.

டேபிளைத் தொடும்போதே இதையும் பார்த்துவிடுங்கள். எண் ஃபீல்டு புதிதாகச் செய்தால் அக்சஸ் அதை 'லாங் இண்டீஜர்' என்றுதான் வைக்கும். அதில் 14.25 என்று அடித்தால் சத்தமே இல்லாமல் 14 ஆகிவிடும். கால் அங்குலம் போன ரவிக்கை திரும்பக் கடைக்கு வரும். ஃபீல்டு சைஸை 'சிங்கிள்' என்றோ 'டபுள்' என்றோ மாற்றிவிடுங்கள்.

டேப் கண்ட்ரோலை வைப்பது

ஏற்கெனவே ஃபார்ம் இருந்தால் முதலில் ஒரு நகல். இடப்பக்கப் பட்டியலில் ஃபார்மைத் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல் சி, கண்ட்ரோல் வி, புதுப் பெயர். அவ்வளவுதான். இதைச் செய்யாமல் ஆரம்பித்து, பாதியில் எல்லாம் கலைந்து, விடிய விடிய உட்கார்ந்த அனுபவம் எனக்கு உண்டு.

பிறகு ஃபார்மின் மேல் வலது கிளிக் செய்து 'டிசைன் வியூ'. ரிப்பனில் 'ஃபார்ம் டிசைன்' என்ற பகுதி வரும், பழைய பதிப்புகளில் வெறும் 'டிசைன்' என்றிருக்கும். அங்கே கண்ட்ரோல்களின் வரிசையில் ஃபைல் அட்டை மாதிரி ஒரு படம் இருக்கும். சுட்டியை மேலே வைத்தால் 'டேப் கண்ட்ரோல்' என்று பெயர் காட்டும். அதைக் கிளிக் செய்து, ஃபார்மில் காலியான இடத்தில் செவ்வகமாக இழுத்துவிடுங்கள். இரண்டு பக்கங்களோடு வந்து நிற்கும்.

இன்னும் பக்கம் வேண்டுமானால் ஏதாவது ஒரு தலைப்பின்மேல் வலது கிளிக், 'இன்சர்ட் பேஜ்'. வேண்டாததற்கு 'டெலீட் பேஜ்'. வரிசை மாற்ற 'பேஜ் ஆர்டர்'. எல்லாம் அதே மெனுவில். அடிக்கடி திறப்பது முதலில் வரட்டும். எங்கள் கடைக்கு ரவிக்கை.

ஃபார்மின் 'டிஃபால்ட் வியூ' சிங்கிள் ஃபார்மாக இருக்கிறதா என்றும் பாருங்கள். டேட்டாஷீட்டாகத் திறந்தால் நீங்கள் செய்த பக்கம் எதுவும் கண்ணில் படாது, வெறும் கட்டங்கள்தான் வரும்.

பெட்டிகளை உள்ளே கொண்டுபோவது

புதியவர்கள் எல்லோரும் வழுக்குவது இங்கேதான். ஃபார்மில் ஏற்கெனவே இருக்கும் பெட்டியை (விவரம் அடிக்கும் கட்டம்) சுட்டியால் இழுத்துப் பக்கத்தின்மேல் வைப்பார்கள். பார்க்க உள்ளே போன மாதிரியே இருக்கும். ஆனால் அது உள்ளே போகவில்லை, மேலே உட்கார்ந்திருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த இனிப்புக்கும் கண்ணாடியின்மேல் வைத்த இனிப்புக்கும் உள்ள வித்தியாசம்தான். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அந்தப் பெட்டி அங்கேயே துருத்திக்கொண்டு நிற்கும்.

சரியான வழி வெட்டி ஒட்டுவது.

1. உள்ளே போக வேண்டிய பெட்டிகளையும் லேபிள்களையும் ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுங்கள்.
2. கண்ட்ரோல் எக்ஸ்.
3. எந்தப் பக்கத்துக்குப் போக வேண்டுமோ அதன் தலைப்பை ஒருமுறை கிளிக் செய்யுங்கள்.
4. கண்ட்ரோல் வி.

மூன்றாவது படிதான் உயிர். தலைப்பைத் தொட்டால் பக்கம் தேர்வாகும். தலைப்புகளுக்கு வலப்புறம் உள்ள வெற்றிடத்தையோ ஓரத்தையோ தொட்டால் மொத்த டேப் கண்ட்ரோலும் தேர்வாகிவிடும், பிறகு ஒட்டினால் பெட்டிகள் பக்கத்துக்குள் போகாது. சந்தேகமாக இருந்தால் எஃப்4 அழுத்தி, பண்புகளின் பட்டியலான பிராப்பர்ட்டி ஷீட்டைத் திறந்து அதன் உச்சியைப் பாருங்கள். 'பேஜ்' என்றிருந்தால் ஒட்டலாம், 'டேப் கண்ட்ரோல்' என்றிருந்தால் மறுபடியும் தலைப்பைத் தொடுங்கள்.

ஒட்டியதும் எல்லாம் பக்கத்தின் இடது மேல் மூலையில் வந்து விழும். தேர்வைக் கலைக்காமல் அம்பு விசைகளால் நகர்த்தி வையுங்கள். பிறகு அடுத்த பக்கத்தைத் திறந்து பாருங்கள். இப்போது ஒட்டிய பெட்டிகள் அங்கே தெரியவில்லை என்றால் வேலை சரி.

புதிதாக ஒரு பெட்டி சேர்ப்பது சுலபம். ரிப்பனிலிருந்து எடுத்து, சுட்டியைப் பக்கத்தின்மேல் கொண்டுபோனதும் அந்தப் பக்கம் கறுத்துக் காட்டும். அப்போது விட்டால் உள்ளேதான் இறங்கும்.

வெட்டி ஒட்டும்போது ஒரு நஷ்டம் இருக்கிறது. அந்தப் பெட்டிக்கு ஏற்கெனவே விபிஏவில் (அக்சஸோடு வரும் நிரல்மொழி) நிரல் எழுதியிருந்தால் அதன் இணைப்பு அறுந்துபோகும். நிரல் அழியாது, மாட்யூலில் அப்படியே இருக்கும். ஆனால் பெட்டியின் 'ஈவண்ட்' பகுதி (எது நடந்தால் எந்த நிரல் ஓட வேண்டும் என்று சொல்லும் இடம்) காலியாகியிருக்கும். அந்த வரியில் மறுபடி 'ஈவண்ட் புரொசீஜர்' என்பதைத் தேர்ந்தெடுத்து, அருகில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டால் பழைய நிரலோடு சேர்ந்துகொள்ளும். இது தெரியாமல், "நேற்று வேலை செய்த பட்டன் இன்று செத்துப்போச்சு" என்று புலம்பியிருக்கிறேன்.

சிலருக்கு வேறொரு சிக்கல் வரும்: டேப் கண்ட்ரோலைச் சின்னதாக்கப் பார்த்தால் ஓர் அளவுக்குமேல் சுருங்க மறுக்கும். ஏதோ ஒரு பக்கத்தில் ஏதோ ஒரு பெட்டி ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு பக்கமாகத் திறந்து அதைத் தேடி உள்ளே இழுங்கள், பிறகு சுருங்கும். ஆறு பக்கத்தில் எது பெரியதோ அதுதான் எல்லாவற்றுக்கும் அளவு. ஒரு பக்கத்தில் ஐந்து பெட்டியும் இன்னொன்றில் முப்பது பெட்டியும் இருந்தால் மிச்சம் பிடித்த இடம் கையைவிட்டுப் போகும். சுடிதாரில் டாப், பாட்டம் இரண்டையும் இரண்டு பத்தியாக வைத்துத்தான் உயரத்தைக் குறைத்தேன்.

பெயர் ஆங்கிலத்தில், தலைப்பு தமிழில்

ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு அடையாளம் உண்டு. 'நேம்' என்பது நிரலில் அழைக்க, 'கேப்ஷன்' என்பது திரையில் காட்ட. கேப்ஷனில் தமிழை நேரடியாக அடிக்கலாம், அழகாக வரும். நேமில் மட்டும் ஆங்கில எழுத்தே இருக்கட்டும். அக்சஸ் தமிழ்ப் பெயரை ஏற்றுக்கொள்ளும், ஆனால் விபிஏ எழுதும் சாளரத்துக்கு யூனிகோட் தெரியாது. அங்கே உங்கள் ரவிக்கை வெறும் கேள்விக்குறிகளாகத்தான் நிற்கும்.

தமிழ்த் தலைப்பு நீளமாகும் என்பது இன்னொரு தலைவலி. 'டேப் ஃபிக்ஸட் விட்த்' என்ற பண்பில் ஏதாவது எண் கொடுத்திருந்தால் 'வாடிக்கையாளர் விவரம்' பாதியில் வெட்டுப்படும். அதைப் பூஜ்யமாக விட்டால் ஒவ்வொரு தலைப்பும் தனக்கு வேண்டிய அகலத்தை எடுத்துக்கொள்ளும். அதற்காக வாக்கியமாக எழுதவும் வேண்டாம். 'ரவிக்கை அளவுகள்' எதற்கு, 'ரவிக்கை' போதும். எழுத்துருவுக்கு நான் விண்டோஸோடு வரும் நிர்மலா யூஐயைப் போடுகிறேன். லதா எழுத்துருவில் வரிகள் அதிக உயரம் எடுத்துக்கொள்கின்றன, நாம் இடத்தை மிச்சம் பிடிக்க வந்தவர்கள்.

தலைப்புகள் ஒரு வரியில் அடங்கவில்லை என்றால் 'மல்டி ரோ' என்ற பண்பு இரண்டு வரியாக்கும். எனக்குப் பிடிக்காது, எது எங்கே இருக்கிறது என்று கண் பழகவே பழகாது. ஏழு எட்டைத் தாண்டினால் பிரிப்பையே மறுபடி யோசிப்பது நல்லது. ஒரு பக்கத்துக்குள் இன்னொரு டேப் கண்ட்ரோலை நுழைக்கலாமே என்று தோன்றும். அக்சஸ் விடாது.

டேப் விசை எங்கே போகிறது?

வெட்டி ஒட்டிய பிறகு டேப் விசையின் வரிசை கலைந்திருக்கும். உயரம் அடித்துவிட்டு விசையைத் தட்டினால் பின் கழுத்துக்குப் போகும். பக்கத்தின்மேல் வலது கிளிக், 'டேப் ஆர்டர்'. ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி வரிசை உண்டு, ஆகவே ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டும். 'ஆட்டோ ஆர்டர்' என்பதைத் தட்டினால் இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக அடுக்கித் தரும். மாஸ்டர் சொல்லும் வரிசை வேறாக இருந்தால் வரிகளை இழுத்து நீங்களே மாற்றுங்கள். மாஸ்டரை மாற்ற முடியாது.

அடுத்து நான் சொல்வதைத் தவறாமல் செய்யுங்கள். பக்கத்தின் கடைசிப் பெட்டியில் டேப் விசையைத் தட்டினால் அடுத்த பக்கத்துக்குப் போகும் என்று நினைப்போம். போகாது. டேப் கண்ட்ரோலுக்கு அடுத்து ஃபார்மில் என்ன இருக்கிறதோ அங்கே போகும். எதுவும் இல்லையென்றால் அடுத்த ரெக்கார்டுக்கே தாவிவிடும். அதாவது அடுத்த வாடிக்கையாளர். திறந்திருக்கும் பக்கம் மாறாது, அதே ரவிக்கைப் பக்கம்தான், ஆனால் ஆள் மாறிவிட்டார். கீபோர்டைப் பார்த்து அடிக்கும் பையன் கவனிக்காமல் இன்னொருவருடைய அளவின்மேல் எழுதிவிடுவான். எங்கள் கடையில் இது ஒரு தீபாவளி சமயத்தில் நடந்தது, அதற்குமேல் சொல்ல விரும்பவில்லை.

ஃபார்மின் பிராப்பர்ட்டி ஷீட்டில் 'அதர்' பகுதியில் 'சைக்கிள்' என்று ஒன்று இருக்கும். அதை 'கரண்ட் ரெக்கார்டு' என்று மாற்றிவிடுங்கள். பிறகு விசை எத்தனை முறை தட்டினாலும் அதே ஆளைச் சுற்றித்தான் வரும்.

ஆர்டரும் பணமும்

பல வரிகளாக வளரும் விவரங்களுக்குப் பக்கத்துக்குள் சப்ஃபார்ம் (ஃபார்முக்குள் அடங்கும் இன்னொரு ஃபார்ம்) வைக்க வேண்டும். ஆர்டர் டேபிளுக்கு ஒரு சின்ன ஃபார்ம் செய்து, டேட்டாஷீட் வடிவத்தில் சேமியுங்கள். பெரிய ஃபார்மின் டிசைன் வியூவில் 'ஆர்டர்' பக்கத்தைத் திறந்து, ரிப்பனிலிருந்து சப்ஃபார்ம் கண்ட்ரோலை எடுத்து, பக்கம் கறுத்ததும் உள்ளே விடுங்கள். பிராப்பர்ட்டி ஷீட்டில் 'லிங்க் மாஸ்டர் ஃபீல்ட்ஸ்', 'லிங்க் சைல்டு ஃபீல்ட்ஸ்' இரண்டிலும் வாடிக்கையாளர் எண் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் எல்லாருடைய ஆர்டரும் எல்லாருக்கும் தெரியும்.

சப்ஃபார்முக்குள் போனபின் டேப் விசை அதற்குள்ளேயே சுற்றும். கண்ட்ரோலும் டேப் விசையும் சேர்த்து அழுத்தினால் வெளியே வரலாம். கடைப் பையன்களுக்கு இதை ஒரு சீட்டில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டியிருக்கிறேன்.

ஃபார்ம் திறக்கும்போது எல்லாப் பக்கத்து சப்ஃபார்ம்களும், நீங்கள் பார்க்காதவையும் சேர்த்து, ஏறிவிடும். சொல்லப்போனால் பெரிய ஃபார்முக்கு முன்பே அவை ஏறும். இரண்டு சப்ஃபார்முக்கு இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஐந்தாறு இருந்து, கோப்பு வேறு கணினியில் இருந்து, திறக்க நேரமானால் மட்டும் இதைச் செய்யுங்கள்: சப்ஃபார்ம் கண்ட்ரோலின் 'சோர்ஸ் ஆப்ஜெக்ட்' பண்பைக் காலியாக விட்டு, அந்தப் பக்கம் முதல்முறை திறக்கும்போது நிரல் மூலம் சப்ஃபார்மின் பெயரை நிரப்புங்கள், லிங்க் இரண்டையும் கூடவே நிரப்பிவிடுங்கள்.

அந்த நிரலை எங்கே எழுதுவது என்பதில் ஒரு பொறி இருக்கிறது. பக்கத்துக்கு 'ஆன் கிளிக்' என்று ஓர் ஈவண்ட் உண்டு. பெயரைப் பார்த்து எல்லோரும் அங்கேதான் எழுதுவார்கள். தலைப்பைத் தொட்டால் அது ஓடாது, பக்கத்தின் வெற்றிடத்தைத் தொட்டால்தான் ஓடும். உங்களுக்கு வேண்டியது மொத்த டேப் கண்ட்ரோலின் 'ஆன் சேஞ்ச்'. எந்தப் பக்கம் முன்னால் இருக்கிறது என்பதை டேப் கண்ட்ரோலின் 'வேல்யூ' சொல்லும். எண்ணிக்கை பூஜ்யத்தில் ஆரம்பிக்கிறது, முதல் பக்கம் 0, ஐந்தாவது பக்கம் 4. ஆனால் எண்ணை நம்பி எழுதாதீர்கள். நாளைக்குப் பக்கங்களின் வரிசையை மாற்றினால் நிரல் வேறு பக்கத்தில் போய் நிற்கும். அந்த எண்ணுக்குரிய பக்கத்தின் நேமை எடுத்து ஒப்பிடுங்கள்.

பக்கத்துக்குள் இருக்கும் பெட்டிகளை நிரலில் அழைக்கப் பக்கத்தின் பெயரைச் சேர்க்க வேண்டியதில்லை. ஃபார்மில் நேரடியாக இருப்பது போலவே, பெட்டியின் பெயர் மட்டும் போதும். அதனால்தான் ரவிக்கைக்கு ஓர் 'உயரம்', சட்டைக்கு ஓர் 'உயரம்' என்று ஒரே பெயரில் இரண்டு பெட்டி வைக்க முடியாது.

மூடிய பக்கத்தில் என்ன இருக்கிறது?

டேப் கண்ட்ரோலின் குறை இதுதான், மூடியிருப்பது தெரியாது. இவருக்குச் சட்டை அளவு இருக்கிறதா இல்லையா என்று திறந்து பார்த்தால்தான் தெரியும். நான் செய்தது, அளவு இருந்தால் தலைப்புக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம். விபிஏவில் தமிழ் எழுத முடியாதே என்று யோசித்து, ஒவ்வொரு பக்கத்தின் 'டேக்' பண்பிலும் தமிழ்த் தலைப்பை ஒருமுறை அடித்துவைத்தேன். ஃபார்மின் 'ஆன் கரண்ட்' ஈவண்டில் (ஒவ்வொரு ரெக்கார்டும் திரைக்கு வரும்போது ஓடுவது), உயரப் பெட்டி காலியாக இருந்தால் டேக்கில் உள்ளதை அப்படியே கேப்ஷனுக்குக் கொடு, இல்லையென்றால் நட்சத்திரம் சேர்த்துக் கொடு என்று எழுதினால் போதும். நிரலில் ஒரு தமிழ் எழுத்துகூட வராது.

கட்டாயம் நிரப்ப வேண்டிய பெட்டியைப் பின்னால் இருக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டுமென்றால், ஃபார்மின் 'பிஃபோர் அப்டேட்' ஈவண்டில் அது காலியா என்று பார்த்து, சேமிப்பதை நிறுத்தி, அந்தப் பெட்டிக்கு 'செட் ஃபோகஸ்' கொடுங்கள். அது எந்தப் பக்கத்தில் இருந்தாலும் அந்தப் பக்கம் தானாக முன்னால் வந்துவிடும். வெறும் 'விவரம் குறைகிறது' என்று மெசேஜ் மட்டும் வந்தால் பையன் ஆறு பக்கத்தையும் புரட்டிக்கொண்டிருப்பான்.

எல்லாம் முடிந்ததும் ஒரு சோதனை. யாரையாவது பக்கத்தில் உட்காரவைத்து மாஸ்டர் வேகத்தில் அளவுகளைச் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் சுட்டியைத் தொடாமல் அடியுங்கள். கை எங்கே சுட்டியைத் தேடுகிறதோ அங்கே ஏதோ சரியில்லை. எங்கள் கடையில் அப்படி மாட்டியது குறிப்புப் பெட்டி. முன் ஹூக்கா பின் ஹூக்கா, பைப்பிங் உண்டா, முதுகில் நாட் வேண்டுமா என்பதையெல்லாம் எழுதும் இடம் ஆர்டர் பக்கத்தில் இருந்தது. மாஸ்டரோ பின் கழுத்து சொன்ன கையோடு அதைத்தான் சொல்கிறார். வெட்டி, ரவிக்கைத் தலைப்பைத் தொட்டு, பின் கழுத்துக்குக் கீழே ஒட்டினேன்.